அலுவலகக் கோவை எந்த மேசையில் என்று தெரிந்தவரைத் தேடுங்கள்

இலங்கையின் திருகோணமலை மாவட்டத்தில், மூதூர்ப் பக்கத்து மாற்றுத்திறனாளிகள் சங்கம் ஒன்றின் செயலாளர் கேட்டிருப்பதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: சங்கத்தில் சம்பளம் வாங்கும் ஆள் எவருமில்லை. அமைச்சுகளுடன் பேசவும், அறிக்கை எழுதவும், ஊடகங்களைச் சந்திக்கவும், பாராளுமன்ற உறுப்பினர்களிடம் விடயத்தைக் கொண்டுபோகவும் தொழிலாகவே பழகியவர்கள் கொழும்பிலும் வெளிநாடுகளிலும் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் ஊதியம் வாங்காமல் சிறிய தொண்டு அமைப்புகளுக்கு உதவுகிறார்களாம். அவர்களை எங்கே பிடிப்பது, நம்பிப் பழகலாமா? இதற்குப் பிறகு, போகிறபோக்கில் எழுதியதுபோல ஒரு வரி: "நாங்கள் எழுதும் கடிதங்களுக்குப் பதிலே வருவதில்லை." எனக்கு அந்த வரிதான் கேள்வியாகத் தெரிகிறது. கடிதம் ஏன் நகரவில்லை என்று தெரிந்தால், நகர்த்த எப்படிப்பட்ட ஆள் வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. திருகோணமலை மாவட்ட நிர்வாகத்தில் திட்டமிடல் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். உங்களைப் போன்ற சங்கங்களின் கடிதங்கள் வந்து சேரும் பக்கத்தில் நெடுங்காலம் இருந்தேன். ஓய்வுக்குப் பிறகு, சிறு சங்கங்களையும் உதவ முன்வருவோரையும் அறிமுகப்படுத்திவைக்கும் வேலையைச் சம்பளமின்றிச் செய்துவருகிறேன். இதில் நான் கண்டது: உதவ ஆள் கிடைக்காமல் நின்றுபோன முயற்சிகளைவிட, ஆள் கிடைத்தபின் அவரிடம் என்ன கேட்பது என்று தெரியாமல் நின்றுபோனவையே அதிகம்.

"மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்காகக் குரல்கொடுக்க ஒருவர் தேவை" என்று எழுதினால், எவ்வளவு நல்ல மனமும் திறமையும் உள்ளவராலும் ஒரு கூட்டத்தில் பேசிவிட்டுப் போவதைத் தவிர வேறொன்றும் செய்ய முடியாது. ஆனால் உங்கள் கேள்வியின் நடுவே ஒரு காட்சி இருக்கிறது. அலுவலக வாசலில் மூன்று படிகள். கைப்பிடி இல்லை. சக்கர நாற்காலியில் வருபவர் வெளியே வெயிலில் நிற்க, உள்ளிருந்து ஒரு அலுவலர் படிவத்தை எடுத்துவந்து அவருடைய மடியில் வைத்துக் கையொப்பம் வாங்கிக்கொண்டு போகிறார். எதில் கையொப்பமிட்டோம் என்று வாசித்துப் பார்க்கவும் அவருக்கு அவகாசமில்லை. இதுதான் உங்கள் விடயம். இதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் 1996 இல் 28ஆம் இலக்கச் சட்டமாக நிறைவேறியது. அதன்கீழ் 2006 ஒக்டோபரில் வர்த்தமானியில் வந்த அணுகுவசதி ஒழுங்குவிதிகள், ஏற்கனவே உள்ள பொதுக் கட்டடங்களை மூன்று ஆண்டுகளுக்குள் மாற்றியமைக்க வேண்டும் என்றன. 2009 இல் உயர் நீதிமன்றமும் இதை வலியுறுத்திக் கட்டளையிட்டது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016 இல் ஏற்று உறுதிப்படுத்தியது. சட்டம் இருக்கிறது, கட்டளை இருக்கிறது, கையொப்பமும் இருக்கிறது. சாய்தளம் மட்டும் இல்லை. அப்படியானால் மேடையில் முழங்குபவர் உங்களுக்கு எதற்கு? இருக்கும் விதியை ஒரு குறிப்பிட்ட கட்டடத்தின் திருத்த மதிப்பீட்டுக்குள் நுழைக்கத் தெரிந்தவர்தான் வேண்டும்.

இதை ஒரு சம்பவத்தால் விளக்குகிறேன். எங்கள் மாவட்டத்தின் கடலோரப் பிரதேசம் ஒன்றில், உங்களுடையதைப் போன்ற ஒரு சங்கத்துக்காகக் கொழும்பிலிருந்து ஒரு தொடர்பாடல் நிபுணர் சொந்தச் செலவில் வந்தார். நல்ல மனிதர். மடிக்கணினியில் ஆங்கிலத்தில் அழகான படக்காட்சி தயாரித்திருந்தார். அதிகாரி மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். இடையிடையே சுவர்க் கடிகாரத்தையும் பார்த்துக்கொண்டார். படக்காட்சி முடிந்ததும், சங்கத்துக்காரர்கள் கூட்டிவந்திருந்த ஓய்வுபெற்ற பிரதம எழுதுவினைஞர் ஒருவர் கேட்டார்: "ஐயா, இந்தக் கட்டடம் எந்தத் திணைக்களத்தின் பெயரில் இருக்கிறது? அடுத்த ஆண்டுக்கான மதிப்பீடு அனுப்பியாயிற்றா?" அதிகாரி மணியை அடித்தார். கோவை வந்தது. கட்டடம் மாகாணத் திணைக்களம் ஒன்றுக்குச் சொந்தமானது. அந்த அலுவலகம் அதைப் பாவிக்க மட்டுமே செய்கிறது. சங்கம் அதுவரை எழுதிய கடிதங்கள் அத்தனையும், ஒரு சீமெந்துப் பை வாங்கவும் அதிகாரமில்லாத மேசைக்குப் போயிருந்தன. சாய்தளம் எழும்ப இன்னும் காலம் பிடித்தது. ஆனால் உரிய மேசைக்கு எழுதிய கடிதத்துக்குப் பதில் அந்த மாதமே வந்தது. கொழும்பு நிபுணரும் வீணாய்ப் போகவில்லை. பின்னர் பத்திரிகைக்கு எழுத வேண்டிவந்தபோது, அவர் தயாரித்த கட்டுரையைப் போல எங்களில் எவராலும் எழுதியிருக்க முடியாது. அவருக்குரிய வேலை இரண்டாவது கட்டத்தில் இருந்தது, முதலாவதில் அல்ல.

எந்த அலுவலகத்துக்கு எது பொறுப்பு என்பது சில வேளைகளில் உயிர் சம்பந்தப்பட்ட விடயம். 2021 நவம்பர் 23 இல் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் படகுப்பாதை (ஆட்களை மறுகரைக்கு ஏற்றிச்செல்லும் மிதவை) கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகளும் இறந்தபோது, பாலம் கட்டுவது ஒரு நிறுவனத்தின் வேலை, படகுப்பாதைக்கு அனுமதி கொடுப்பது இன்னொன்றின் வேலை என்பது ஊருக்கே அன்றுதான் விளங்கியது. உங்கள் சங்கத்தின் முதல் வேலை, எனவே, அதிகாரம் யாருடைய கையில் என்று கண்டுபிடிப்பது. இதற்கு நிபுணரும் வேண்டியதில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒரு கோரிக்கை போதும். தமிழிலேயே எழுதலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் கொடுப்பதா மறுப்பதா என்று முடிவெடுத்தாக வேண்டும். மறுத்தால் முதலில் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும் அதன்பின் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம். மூன்று விடயங்களை மட்டும் கேளுங்கள்: கட்டடம் யாருடைய பெயரில் உள்ளது, கடைசியாகத் திருத்தியது எந்த ஆண்டு, எந்தச் செலவுத் தலைப்பின்கீழ். நீட்டி முழக்கிக் கேட்டால், எதைக் கொடுப்பது எதை விடுவது என்ற குழப்பத்திலேயே கோரிக்கை தாமதமாகும்.

இரண்டாவது, காலம். நம் நாட்டு நிதியாண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. அடுத்த ஆண்டுக்கான மதிப்பீடுகள் நடப்பாண்டின் நடுப்பகுதியிலிருந்தே கீழிருந்து மேலே போகத் தொடங்கிவிடும். பாராளுமன்றத்தில் வரவு செலவுத் திட்ட உரை வாசிக்கப்படுவதைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டுக் கடிதம் எழுதினால், கூட்டம் கலைந்தபின் வந்து கைதட்டுவதற்குச் சமம். டிசம்பர் மூன்றாம் திகதி சர்வதேச மாற்றுத்திறனாளிகள் தினத்தில் மகஜர் கொடுக்கும் வழக்கம் பல சங்கங்களுக்கு உண்டு. படம் நன்றாக வரும். காசு வராது.

இப்போது ஆளைத் தேடும் விடயம். நீங்கள் கொழும்பைப் பார்க்கிறீர்கள். கிழக்கு மாகாணத்தின் தலைமை நிர்வாகமோ உங்கள் மாவட்டத் தலைநகரிலேயே இருக்கிறது. இணைந்திருந்த வடக்கு, கிழக்கு மாகாணங்கள் 2007 தொடக்கத்தில் பிரிந்ததிலிருந்து பிரதம செயலாளர் அலுவலகமும் மாகாண அமைச்சுகளும் திணைக்களங்களும் திருகோணமலையில்தான் இயங்குகின்றன. 2017 செப்டம்பரில் மாகாண சபையின் காலம் முடிந்தபின் தேர்தல் நடக்காததால், ஆளுநரும் செயலாளர்களுமே முடிவெடுக்கிறார்கள். அந்த அலுவலகங்களில் வேலைசெய்து ஓய்வுபெற்ற கணக்காளர்கள், பொறியியலாளர்கள், நிர்வாக சேவை அதிகாரிகள், மொழிபெயர்ப்பாளர்கள் உவர்மலையிலும் உப்புவெளியிலும் வீட்டில் இருக்கிறார்கள். பேரப்பிள்ளைகளைப் பாடசாலையில் விட்டுவிட்டு வந்தால் பகல் முழுவதும் ஓய்வு. அவர்களில் பலரிடம் எவரும் உதவி கேட்டதே இல்லை. கேட்டபோது முகம் கோணியவர்களை நான் அதிகம் கண்டதில்லை. ஆனால் "எங்கள் சங்கத்துக்கு ஆலோசகராக வாருங்கள்" என்று கேட்டால் தயங்குவார்கள். சங்கத்து உட்பூசலில் மாட்டிக்கொள்வோம் என்ற பயம். "இந்தக் கடிதத்தை இரண்டு மணித்தியாலம் எங்களோடு இருந்து திருத்தித் தர முடியுமா?" என்று கேளுங்கள். ஓய்வூதியர் சங்கங்கள் வழியாகக் கேட்பது இன்னும் நல்லது. இன்னார் இந்த வேலைக்குச் சரி, இன்னாருக்கு உடம்பு முடியவில்லை என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.

எழுத்தும் காணொளியும் வேண்டுமென்றால், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் நிலாவெளி வீதியில் இருக்கிறது. அங்கு தொடர்பாடல், வணிகக் கற்கைகளுக்கென்றே ஒரு பீடம் உண்டு. மாணவர்களுக்குச் செயல்முறை வேலை தேவை, உங்களுக்கு எழுத ஆள் தேவை. சட்டம் சம்பந்தமானால் சட்ட உதவி ஆணைக்குழு. பாகுபாடு என்று முறையிட வேண்டுமானால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் திருகோணமலையிலேயே உள்ளது. எல்லாரையும்விட நான் முதலில் பிடிக்கச் சொல்வது சிங்களத்தில் நன்றாக எழுதக்கூடிய ஒருவரை. வடக்கு கிழக்கில் தமிழ் நிர்வாக மொழி. உங்கள் தமிழ்க் கடிதத்தைத் திருப்பி அனுப்ப எவருக்கும் உரிமையில்லை. இது அரசியலமைப்பில் உள்ளது. ஆனாலும் கொழும்பு அமைச்சில் மொழிபெயர்ப்புக்காகக் காத்துக் கிடக்கும் கடிதக் கட்டுக்குள் உங்கள் கடிதமும் ஒன்றாகிவிடக் கூடாது என்றால், தமிழ் மூலத்துடன் சிங்களப் பிரதியையும் இணைத்து அனுப்புங்கள். உரிமையை விட்டுக்கொடுத்ததாக ஆகாது.

வெளிநாட்டு இணைப்பு அமைப்புகள் பற்றியும் கேட்டிருந்தீர்கள். இப்படி ஆள் சேர்த்துவிடும் வேலை அங்கே பழையது. பிரித்தானியாவில் ரீச் வொலன்டியரிங் என்ற அமைப்பு 1979 முதல் தொழில் அனுபவமுள்ளவர்களைத் தொண்டு நிறுவனங்களுடன் இணைத்து வருகிறது. அமெரிக்காவில் டப்ரூட் பவுண்டேஷன் 2001 இல் தொடங்கியது. அவற்றின் ஒழுங்கைப் படிப்பதில் பயன் உண்டு: நிறுவனம் முதலில் வேலையை வரையறுக்கிறது, எத்தனை வாரம் என்று சொல்கிறது, முடிவில் கையில் என்ன இருக்க வேண்டும் என்று எழுதுகிறது, அதன்பிறகே ஆள் தேடப்படுகிறது. ஆனால் அவை பிரதானமாகத் தங்கள் நாட்டு அமைப்புகளுக்காக ஏற்பட்டவை. மூதூர்ச் சங்கம் ஒன்று நேரே போய்ப் பதிந்து ஆள் எடுக்கலாம் என்று நம்பியிருக்க வேண்டாம். லண்டனிலும் டொரன்டோவிலும் உள்ள எங்கள் ஊர்ப் பிள்ளைகளைக் கேட்பது வேறு விடயம். அவர்கள் ஆங்கில அறிக்கை எழுதவும், நிதி வழங்குநருக்கான விண்ணப்பத்தைச் சரிபார்க்கவும், ஐக்கிய நாடுகள் குழுவுக்குச் சமர்ப்பணம் தயாரிக்கவும் மிகவும் பொருத்தமானவர்கள். மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் உங்கள் விடயத்தைச் சேர்ப்பது எப்படி என்று அவர்களிடம் கேட்காதீர்கள். அங்கே நகரசபை உறுப்பினருக்கு மின்னஞ்சல் போட்டால் பதில் வரும். அந்தப் பழக்கத்தில் ஆலோசனை சொல்வார்கள்.

ஆள் கிடைத்தபின், வாய்ப்பேச்சோடு விடாமல் ஒரு பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அவர் செய்யப்போவது என்ன, எந்தத் திகதிவரை, பயணச் செலவு யாருடையது, சங்கத்தில் அவருக்குப் பதில் சொல்லும் ஒரே ஆள் யார். இவற்றோடு இரண்டு நிபந்தனை கட்டாயம். கடிதங்களில் கையொப்பமிடுவது சங்கத்தின் தலைவரும் செயலாளரும் மட்டுமே. ஊடகங்களிடம் பேசுவது சங்கத்தின் உறுப்பினர் மட்டுமே. பெயர்பெற்ற ஒருவர் கையொப்பமிட்டால் பதில் விரைவாக வரும் என்பது சில நேரம் உண்மைதான். ஆனால் அந்தப் பதில் அவருக்கு வரும், உங்களுக்கு அல்ல. அவர் போனபின் அடுத்த கடிதத்தைப் பழையபடி பூச்சியத்திலிருந்து எழுதவேண்டி வரும். அவரை வைத்துக்கொள்வதற்கான தீர்மானத்தை நிர்வாகசபைக் கூட்ட அறிக்கையிலும் பதிவுசெய்யுங்கள். "செயலாளர் தன் ஆளைக் கொண்டுவந்துவிட்டார்" என்ற பேச்சு பின்னர் எழும். எழாத சங்கத்தை நான் பார்த்ததில்லை. உறுப்பினர்களின் மருத்துவ விபரங்கள், அடையாள அட்டைப் பிரதிகள், பெண்களின் புகைப்படங்கள் எதையும் மொத்தமாக வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடாதீர்கள். வேலைக்குத் தேவையானதை, உரியவரின் சம்மதத்தோடு மட்டும் கொடுங்கள்.

நம்பலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். பிரித்தானியாவில் பிறருக்காகக் கட்டணம் பெற்று அமைச்சர்களிடம் பேசும் ஆலோசகர்கள் 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவேட்டில் பெயர் பதிய வேண்டும். இங்கே அப்படியொரு பதிவேடு இல்லை. ஆகவே கேட்க வேண்டியதை நீங்களே கேட்க வேண்டும். வேறு யாருக்காக வேலை செய்கிறீர்கள், எந்தக் கட்சியிலாவது பதவி உண்டா, அடுத்த தேர்தலில் நிற்கும் எண்ணம் உண்டா? மூன்றும் முகத்துக்கு நேரே கேட்கக்கூடிய கேள்விகள்தான். நேர்மையானவர் கோபிக்க மாட்டார். கட்சிக்காரர் என்பதற்காகவே ஒருவரைத் தள்ளிவைக்கத் தேவையில்லை. மறைத்தவரைத் தள்ளிவையுங்கள். சேவையில் இருக்கும் அரச அலுவலரிடம் மறைமுகமாக எழுதித்தரச் சொல்லாதீர்கள். ஊடகங்களுக்குத் தகவல் கொடுப்பதையும் அரசியலில் ஈடுபடுவதையும் அரச அலுவலர்களுக்கான விதித்தொகுப்பாகிய தாபனக் கோவை கட்டுப்படுத்துகிறது. பாதிக்கப்படுவது அவருடைய தொழில். "இன்னாரைக் கொஞ்சம் கவனித்தால் காரியம் முடியும்" என்று எவராவது சொன்னால், அந்த நிமிடமே உறவை முறித்துக்கொள்ளுங்கள். 2023ஆம் ஆண்டின் ஊழல் எதிர்ப்புச் சட்டத்தில் கொடுப்பவரும் குற்றவாளிதான்.

மேலே சட்டம், நடைமுறை பற்றிச் சொன்னவை உறுதியானவை. இனிச் சொல்வது என் அபிப்பிராயம். இதை உரசிப் பாருங்கள். நிபுணர் ஒருவர் வந்ததால்தான் காரியம் நடந்தது என்று யாராவது சொன்னால், பாதியை நம்பினால் போதும். 2006 இல் இடம்பெயர்ந்த சம்பூர் மக்கள் 2015 இலிருந்து தங்கள் காணிக்குத் திரும்பத் தொடங்கியதற்குப் பின்னால் முகாமில் இருந்தபடியே விடாமல் கேட்ட மக்களும், சட்டத்தரணிகளும், அரசியல்வாதிகளும், ஆட்சி மாற்றமும் என்று பல இருந்தன. அதில் யாருடைய பங்கு எவ்வளவு என்று எந்தத் தராசாலும் நிறுக்க முடியாது. பத்திரிகையில் செய்தி வருவது நல்லதா என்பதிலும் எனக்கு இரு மனம். உள்ளூர் அதிகாரி செய்ய இசைந்திருக்கும் வேளையில் வந்த செய்தி அவரைச் சிலிர்த்தெழ வைத்துக் காரியத்தைக் கெடுத்ததையும் பார்த்திருக்கிறேன். ஆண்டுக்கணக்காகத் தூங்கிய கோவையை ஒரே செய்தி எழுப்பியதையும் பார்த்திருக்கிறேன். முதலில் கடிதம், பிறகு நினைவூட்டல், பிறகு சந்திப்பு, அதன்பிறகே செய்தி என்பது நான் பின்பற்றும் ஒழுங்கு. பாராளுமன்ற உறுப்பினர் ஊடாகப் பொது மனுக்கள் பற்றிய குழுவுக்குப் போகும் வழியும் உண்டு. மாவட்டத்துக்கு நான்கு உறுப்பினர்கள் இருக்கிறார்கள், எந்தக் கட்சியினரிடமும் போகலாம். ஆனால் அது நீண்ட பாதை. ஒரு கட்டடத்தின் படிக்கட்டுக்காக அதில் இறங்கும்படி நான் சொல்லமாட்டேன்.

என் எல்லையும் ஒன்று உண்டு. நான் சட்டத்தரணி அல்ல. ஒரு உறுப்பினருக்கு வேலையோ சேவையோ மறுக்கப்பட்டு, அது அடிப்படை உரிமை மீறல் என்று தோன்றினால், ஆலோசகர்களைக் கூட்டிக் கடிதம் எழுதிக்கொண்டு இருக்காதீர்கள். அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரைப்படி உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்ய ஒரு மாதமே அவகாசம். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. நல்லெண்ணத்தோடு வந்த தொண்டர் "முதலில் பேசிப் பார்ப்போம்" என்று சொல்லிச் சொல்லியே அந்த மாதம் கரைந்துவிடும். அப்படிப்பட்ட விடயத்தை முதல் நாளே சட்டத்தரணியிடம் கொண்டுபோங்கள். அரச வேலையில் நூற்றுக்கு மூன்று ஒதுக்கீடு பற்றிய 1988ஆம் ஆண்டுச் சுற்றுநிருபத்தை வைத்து வாதாடுவதும் அப்படித்தான்; சுற்றுநிருபத்துக்கு எவ்வளவு பலம் என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.

சங்கத்தின் பதிவு பிரதேச செயலகத்தில் புதுப்பித்து இருக்கிறதா என்று நாளைக்கே பாருங்கள். காலாவதியான பதிவு இலக்கத்தோடு போன கடிதத்தை ஒதுக்கிவைக்க எந்த எழுதுவினைஞருக்கும் வேறு காரணம் தேவையில்லை. தகவல் கோரிக்கைக்குப் பதில் வந்ததும் ஒரு பக்கக் குறிப்பை எழுதுங்கள். எழுதிய பிறகு பெயர்கள், அடையாள அட்டை இலக்கங்கள், தொலைபேசி இலக்கங்கள் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு இங்கேயே பதியுங்கள். கட்டடம் மாகாணத்துடையதா மத்திய அரசுடையதா என்பதை முதல் வரியில் போடுங்கள்; உங்களுக்கு ஓய்வுபெற்ற பொறியியலாளர் தேவையா, கணக்காளர் தேவையா என்று அதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.